எழுத்துக்கு முப்பது காசு

பீடோரில் சீனர் கல்லுக்கு ஆ லியோங்.
மற்ற சாவுகளுக்கு நான்.

பெரிய கிராணி குரியாக்கோஸ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
நான்காய் மடித்த தாளை நீட்டினார்.
"ட்ரெலோர் துரைக்கு. ஈப்போ பளிங்கு. எழுத்து என்ன விலை?"
முப்பது காசு என்றேன்.
உதடு அசைய எண்ணத் தொடங்கினார்.

பதினாறு வயதில் கப்பலேறிய பையன்: ஒரு வரி.
வடகடலில் முதல் சண்டை: இன்னொரு வரி.
பீரங்கிக்குக் கொடுத்த இடது காது தாளில் இல்லை;
பெரட்டில் அந்தப் பக்கம் நின்று லீவு கேட்டவர்களுக்குத் தெரியும்.
பிறகு சமாதானம்,
பாதிச் சம்பளத்தில் கரையில் கிடந்த வருடங்கள்.
"இதை விட்டுவிடலாம்," என்றார் கிராணி,
"ஒன்பது வெள்ளி மிச்சம்."

இரண்டாம் சண்டைக்கு மறுபடி கூப்பிட்டார்கள்.
தலை நரைத்துவிட்டது. நாசகாரிக் கப்பல் ஒன்று,
சரக்குக் கப்பல்களை மந்தையாய் ஓட்டிப்போகிற வேலை.
மூன்று கப்பலின் பெயர். இரண்டு பதக்கம்.
கமாண்டர் என்பதைச் சுருக்கலாமா?
சுருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் கீழே, பென்சிலில், அவர் கையெழுத்தில்
83.

"வயதா?"
"ஐம்பத்தாறில் செத்தார்."
"கப்பல் நம்பரா?"
கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
உயிலில் இருந்த வரியை
மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:
தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தவர்களுக்காக
நான் கப்பலை நிறுத்தவில்லை.
அடியில் நீர்மூழ்கி இருந்தது.
நிறுத்தாதே என்ற உத்தரவும் இருந்தது.

ஓ.
ஸ்டோரில் பால் நிறுக்கும்போது
தலை எண்ணிய துரை அல்லவா.
ஏழாம் நம்பர் காட்டிலிருந்து சின்னக்கண்ணு திரும்பாத அன்று
ஊரடங்கு, அடைமழை, காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள்,
லாரியை நகரவிடாமல் டார்ச்சோடு தனியே போனார்.
கள்ளுக்கடைப் பின்புறம் குப்புறக் கிடந்தவனைத்
தோளில் சுமந்து வந்தார்.
மண்டோர் முதல் எல்லோரும் சிரித்தோம்.
நானும்தான்.

எண்பத்து மூன்று.
கணக்கு வைத்திருக்கிறான் மனிதன்.

சப்பான்காரன் காலத்தில் அதே ஸ்டோர் வாசலில்
சயாம் ரயிலுக்கு ஆள் ஏற்றினார்கள்.
என் அப்பா. இரண்டு சித்தப்பா.
அடுத்த லயத்து முனியாண்டி, அவன் மச்சான், தவில்காரர்.
மொத்தம் எத்தனை பேர் என்று கிராணியைக் கேட்டேன்.
அந்த மூன்று வருடத்துப் பேரேட்டைக்
கரையான் தின்றுவிட்டது என்றார்.
குரல் இறங்கியிருந்தது. பொய்யில்லை.

எட்டு ஒழுங்காக விழுந்தது.
மூன்றின் வயிற்றில் உளி வழுக்கி ஒரு சில்லு பெயர்ந்தது.
சிமெண்டு குழைத்து அடைத்தேன்; உற்றுப் பார்த்தால் தெரியும்.
அந்த அறுபது காசை வாங்கவில்லை.
ஏன் என்று கிராணி கேட்கவில்லை.

இரவில் கல்லைப் புரட்டிப் போட்டேன்.
பின்பக்கம், யாரும் வாசிக்காத பக்கம்,
பேர் நினைவு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு.
பத்தொன்பதில் உளி மழுங்கியது.
தீட்டிக்கொண்டிருக்கும்போதே
தவில்காரர் பேர் என்ன என்பது மறந்துபோனது.

காலையில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.