ஒன்றரை விரல்கடை

வலது முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று
முதலில் சொன்னவர் டீக்கடைக்காரர்.
தூரத்தில் வரும்போதே தெரிகிறதாம்,
ஒரு தோளில் மூட்டை சுமக்கிறவன் நடையில்
என் ஜீப் வருகிறதாம்.

மன்னார்குடியில் முன் கமான் பட்டை மாற்றினார்கள்.
ஆறாயிரத்து இருநூறு.
நாலு நாள் நிமிர்ந்திருந்தது,
அல்லது நிமிர்ந்திருக்கிறதென்று நான் நம்பியிருந்தேன்.
திருவாரூரில் புஷ் போட்டார்கள், சாக்கிளும் புதுசு.
டயரில் காற்று சரி. சேஸிஸில் விரிசல் இல்லை.
"தொண்ணூத்தாறு மாடல்ண்ணே, வயசாச்சு" என்பதை
பில்லில் எழுதாமல் வாயால் சொன்னான் ஒருவன்.

சிங்காரவடிவேல் மட்டும் எதையும் கழற்றவில்லை.
"சம தரை வேணும்" என்றார்.

எங்கே போவது?
பாய் விரித்தாற்போல் கிடக்கிற சீமைதான்,
திருத்துறைப்பூண்டி வரை, அதற்கப்பால் உப்பளம் வரை.
நிறுத்தி அளக்கப் போனால்
ஒரு வண்டி அகலம்கூடச் சமமில்லை.
ரோடு நடுவில் புடைத்திருக்கிறது.
வயல் வாய்க்காலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

கடைசியில் கொள்முதல் நிலையத்துச் சிமெண்டுக் களம்.
சித்திரை மாதம், நெல் இல்லை,
சாக்குத் துணுக்கும் புறாக்களும்தான்.
காவலர் உத்திராபதி
"அரைமணி நேரம்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

வேதரத்தினம் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய
மட்டக் குழாயில் தண்ணீர் ஏற்றினோம்.
குமிழி போகும்வரை நிஜாமுதீன் அதைச் சுண்டிக்கொண்டே இருந்தான்.
இரு முனையிலும் தண்ணீர் அமைதியாக நின்றபோது
களமும் சாய்வு.
மழை வழிந்தோட
போட்டவன் ஓரத்தை ஒரு விரல் இறக்கியிருக்கிறான்.

"இருக்கட்டும்" என்றார்.
வண்டியை முகம் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்தார்.
நாலு மட்கார்டு விளிம்பு, இரண்டு திசை, எட்டு எண்.
சாக்பீஸால் தரையிலேயே எழுதிக் கழித்தார்.
தரையின் பொய் போக
மிச்சம் ஒன்றரை விரல்கடை.

பிறகு பின் அச்சின் நடுக் குண்டுக்கு அடியில்
ஜாக்கியைக் கொடுத்தார்.
தாழ்ந்தது முன்னால், தூக்குவது பின்னாலா?
நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்கும்.

"கடைமடையில தண்ணி வரலேன்னா
கடைமடையையா வெட்டுவீங்க?"

பின்சக்கரங்கள் தரையை விட்டதும்
வலது முன்பக்கம் தானாக எழுந்தது.
யாரும் தொடவில்லை.
இடதுக்குச் சரியாக வந்து நின்றுகொண்டது.
பின்னால் அச்சுதான் கோணிக்கொண்டது,
இடது சக்கரம் கீழே, வலது மேலே.

நிஜாமுதீன் மல்லாந்து உள்ளே போனான்.
இடது பின் கமானில் காய்ந்த சேற்றைச் சுரண்டி
எண்ணினான். ஒன்பது.
வலப்பக்கம் எட்டு.
"இந்த ஒண்ண எவன் போட்டான்?"

நான்.

மூன்று வருஷம் முன்பு, தாளடி அறுப்பில்,
ஆத்தூர் மெஷின்களுக்கு டீசல் கொண்டுபோக
இடது பின் மூலையில் இருநூறு லிட்டர் பீப்பாய்.
ஈர வயலில் நாலு சக்கரமும் பிடித்து இழுத்தபோது
வண்டி அந்தப் பக்கமாய் மண்டியிட்டது.
இரவோடு இரவாக ஒரு பட்டை கூட்டினேன்.
போன வருஷம் பீப்பாய் இறங்கியது.
பட்டை இறங்கவில்லை.
இல்லாத டீசலை இன்னமும் தூக்கிப் பிடித்திருந்தது,
அது தூக்கிய தூக்கில் எதிர்மூலை அமுங்க,
அமுங்கிய மூலைக்கு நான் செலவு செய்திருக்கிறேன்.

யூ போல்ட்டுகள் மண்ணெண்ணெய் குடித்து
ஒருமணி நேரம் யோசித்துத்தான் அசைந்தன.
உத்திராபதி இரண்டு தரம் வந்து
எங்களைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.
கழற்றிய பட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளினேன்,
ஆற்றில் தண்ணீர் திறந்தால் தேவைப்படும்.

மறுபடி குழாய், மறுபடி எட்டு எண்.
கால் விரல்கடைக்கும் குறைவு.
"ஏறி உட்காருங்க" என்றார்.
உட்கார்ந்தேன்.
வலப்பக்கம் அரை விரல்கடை இறங்கியது.

"அது வண்டி இல்ல" என்றார் சிங்காரவடிவேல்,
எண்களைச் செருப்பால் தேய்த்து அழித்துக்கொண்டே.