சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மண்டூர்த் துறையில் ஏறிய பாதை
நடு வாவியில் எஞ்சின் நின்றுபோய்க் கிடந்தது.
மோட்டார் சைக்கிள் இரண்டு, நெல்மூட்டை ஒன்று,
நான்,
முன் ஓரத்தில் தரம் ஒன்பது விதுர்சிகா.
ஒருவரையொருவர் பார்க்காதிருந்தோம்.
நீர்க்காகம் மூழ்கி
வேறெங்கோ எழும்பியது.

அதிபரின் மேசையில் வரவுப் புத்தகம்.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே
என் கையொப்பம், எட்டு மணி ஐந்து.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
மணிக்கூட்டைப் பார்த்தார், அவ்வளவுதான்.

வகுப்பு வாசலில்
முழந்தாளில் நின்றாள் அவள்.
யாரும் சொல்லவில்லை;
என் சட்டத்துக்குப் பழகிய கால்கள்.
"எழும்பு" என்றேன்.
முழங்கால் மணலைத் தட்டியபடி
குரலைத் தணித்துக் கேட்டாள்:
"சேர், உங்களுக்கும் ஏசினவங்களா?"

"கொஞ்சம்."

"பறவாயில்ல சேர்."

பின்னங்கள் படிப்பித்தேன் அன்று.
பகுதியெண் ஒன்று பிழைத்தது.
பின்வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது,
பாதி உயரத்துக்கு.

வியாழக்கிழமையும் பிந்தினாள்.
வழமையாக மாடு மறித்திருக்கும்,
அம்மாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.
"பாதை நின்றுட்டா?" என்றேன்.
"இல்ல சேர்.
நித்திரை கொண்டுட்டன்."

வாசலை அடைத்து நின்ற நான்
கொஞ்சம் தள்ளி நின்றேன்.