காட்சி நாற்பத்திரண்டு

மூக்கையூரில் மழை பெய்து பதினோரு மாதம்.
எங்கள் படத்தில் மழை இருந்தது.
தண்ணீர் லாரிக்குத் தயாரிப்பாளர் யோசித்ததால்
முதலில் சாப்பாட்டுக் காட்சியை எடுத்தோம்.

கடலுக்குப் போய் வராமல் போனவன்
வந்து உட்கார்ந்து சோறு தின்கிறான்.
வசனம் கிடையாது.
அவன் தின்ன வேண்டும், அவள் பார்க்க வேண்டும்.

குழம்புக்கு மெற்றில்டாவைப் பேசியிருந்தார்கள்.
நாளுக்கு எண்ணூறு, மீன் காசு தனி.
குண்டு மிளகாயை அம்மியில் அரைத்து
ஊளிமீன் குழம்பை இடுப்பில் சுமந்துவந்து
மூடியைத் திறந்தாள்.
ஜெனரேட்டர் பார்ப்பவர்
ஜெனரேட்டரை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

கேமராவுக்கு நிறம் பத்தவில்லையாம்.
கலை உதவியாளன் கேசரிப் பவுடர் கரைத்து ஊற்றினான்.
மீன்முதுகில் கிளிசரின் தடவினான்.
ஆவி வேண்டுமென்று சட்டிக்குப் பின்னால்
ஒரு கட்டு ஊதுவத்தி.

"எழவு வீடாய்யா இது?" என்றாள் மெற்றில்டா.
யாரும் சிரிக்கவில்லை, நேரமில்லை.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஒரு வாளி நீட்டினார்கள்.
நடிகர் துப்பினார்.
பதினேழு வாய்.
வாளியை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்,
பிறகு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

நான் ஒலிப்பதிவு உதவி.
எல்லாரும் கிளம்பிய பிறகு
அந்த அறையின் சும்மாவை
அரை நிமிடம் பிடித்து வைப்பது என் வேலை.
பிடித்துக்கொண்டிருந்தேன்.
உப்பும் மஞ்சளும் பிசறிய சூடையோடு உள்ளே வந்தாள்,
என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.
வீட்டு ஆட்கள் தின்ன வேண்டுமே.

நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் மீன் எண்ணெயில் இறங்கியபோது
தகரத்தில் ஒற்றைத் துளி.
இரண்டு, மூன்று,
பிறகு எண்ண முடியவில்லை,
கூரை முழுக்க விழுந்தது.
காற்று அடுப்பைச் சாய்த்தால் சத்தமும் சாய்ந்தது.
தூரத்தில் யாருடைய வல்லமோ
எஞ்சின் பிடிக்காமல் இருமிக்கொண்டிருந்தது.

"காதுல என்னத்த மாட்டிருக்க?"
கழற்றிக் கொடுத்தேன்.
தன் சட்டியைத் தானே கேட்டபடி நின்றாள்,
கரண்டி கையில், வாய் லேசாகத் திறந்து.
திடீரென்று "அய்யோ கருகுது" என்று
ஹெட்போனோடு ஓடினாள்.
வயர் இழுத்ததில் நானும் ஓடினேன்.

நாலு சூடை, சுடுசோறு.
"முள்ளோட தின்னு" என்றாள்.
தின்றேன். துப்பவில்லை.

படத்தில் நாற்பத்திரண்டாம் காட்சி இல்லை.
நீளம் என்று வெட்டிவிட்டார்கள்.
லாரி மழையிலோ மழையைத் தவிர எல்லாம் கேட்டது:
மோட்டார், குழாய்,
"தலைவரே இன்னும் கொஞ்சம் வலது."
சாலிகிராமத்தில் இரவு இரண்டு மணிக்கு
மெற்றில்டாவின் நாலு நிமிடத்தை
அந்த மழைக்கு அடியில் வைத்தேன்.

மண்வாசனை அடிக்கிறது என்று
விமர்சனத்தில் ஒருவர் எழுதினார்.
எனக்குப் பசித்தது.

மகன் செல்போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.
எப்படி நம்பர் கிடைத்ததோ.
"தம்பி, அது மழையில்லல்ல?"
இல்லைக்கா என்றேன்.
"அதான பார்த்தேன்.
அந்தப் பொண்ணு அழுவுறப்ப
எடத்தோரமா ஒரு மீனு கருகுது பாரு,
திருப்பிப் போட மறந்துட்டேன்."

போய் மறுபடி கேட்டேன்.
கதாநாயகி ஈரத்தில் மன்னிப்புக் கேட்கிறாள்.
இடது ஸ்பீக்கரில்,
ஆமாம்,
ஒன்று.