கதவுப் பக்கம், சுவர்ப் பக்கம்

வால்திவியாவில் ஜூலை மழை
மூச்சு விடக்கூட நிற்காது.
தகரக் கூரையடியில், பிரித்துப் போட்ட படகு என்ஜின்களுக்கு நடுவே,
கட்டிலின் இரண்டு நீளச் சட்டங்களையும்
மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ரவுலி மரம். வைரம் பாய்ந்தது.
பத்தொன்பது வருடம் எங்களைத் தாங்கியது,
கடைசி நான்கு வருடம்
ஒருவரை ஒருவர் இடிக்காமல் புரண்ட எங்களை.

"மெத்தை உனக்கு. கட்டிலை நான் அடுப்பில் வைக்கிறேன்"
என்றாள் உபெர்லிந்தா.
"வேண்டாம், கிதார் செய்யப் போகிறேன்" என்றேன்.
அந்த வக்கீல் அறையில்
அன்றைக்குச் சிரித்தது அவள் மட்டும்தான்.

முழுக் கிதார் பிறகு. முதலில் கழுத்து.

ஒற்றைப் பலகை வளையும்.
ஈரம் குடிக்கும், கம்பிகள் இழுக்க இழுக்க
கும்பிடு போடுகிறவன் மாதிரி முன்னால் குனியும்.
அதனால் இரண்டு சட்டங்களிலிருந்தும் ஒவ்வொரு துண்டு,
ஒன்றைத் தலைமாற்றித் திருப்பி மற்றதோடு ஒட்ட வேண்டும்.
இது இந்தப் பக்கம் வளையப் பார்க்கும்,
அது அந்தப் பக்கம்.
இரண்டும் பிடிவாதம் பிடிப்பதால் நேராக நிற்கும்.
கட்டிலாக இருந்தபோது இதை யாரும் சொல்லவில்லை.

சுவர்ப் பக்கம் அவளுடையது, கதவுப் பக்கம் என்னுடையது.
பென்சிலால் குறித்துத்தான் வைத்தேன்.
இழைப்புளி முதல் இழுப்பிலேயே
குறியைச் சுருளாக்கித் தரையில் தள்ளிவிட்டது.
ஒட்டி, பதினோரு கவ்விகள் மாட்டி,
பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்து முடித்தபோது
எது எது என்று எனக்கே தெரியவில்லை.

தலை பதினைந்து பாகை சாய வேண்டும்.
என் வாள் பதினேழு போய்விட்டது.
வாசிக்கிறவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும், ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியும்.

ஏழாம் மெட்டுக்குப் பின்னால் பழைய போல்ட் துளை.
அதே மரத்தில் முளை சீவி,
ரேகைக்கு ரேகை பொருத்தி அடைத்தேன்.
ஆனாலும் தெரிகிறது,
தோளில் அம்மை குத்திய தழும்பு மாதிரி.
இருக்கட்டும்.

பிறகு அரம்.
மூன்று நாள் அரம், அரம், அரம்.
சதுரம் எட்டுப் பட்டையாகி, எட்டு பதினாறாகி,
பட்டைகள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தியதும்
வளைவு வந்தது.
கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். சரி என்று பட்டது.

வியாழக்கிழமை அவள் வந்தாள், தையல் மெஷினை எடுக்க,
மீன் சந்தையிலிருந்து நேராக, ரப்பர் பூட்ஸோடு.
படித்துறையில் தலைகளுக்காகக் குரைக்கும் கடற்சிங்கங்களை
நாளெல்லாம் திட்டித்திட்டிக் குரல் கட்டியிருந்தது.
கேட்காமலே கழுத்தைத் தூக்கினாள்.
கிதார் பிடிக்கத் தெரியாது அவளுக்கு.
விலாங்கைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள்,
முள்ளைத் தேடுகிற கட்டைவிரலை அடியில் ஓட்டி.

"இங்கே இன்னும் சதை இருக்கிறது, நோல்பெர்த்தோ."

ஐந்தாம் மெட்டு.
அளவுகோலை வைத்தேன்:
இருபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில்
இருபத்து மூன்றரை.

"எது என் பக்கம்?" என்றாள்.
தெரியவில்லை என்றேன்.
முகர்ந்து பார்த்தாள், தோளைக் குலுக்கினாள்,
மெஷினைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனாள்.
உதவிக்கு எழுந்தேன், வேண்டாம் என்று முதுகு சொன்னது.

பிறகுதான் பார்த்தேன்:
பச்சை மரத்தில் ஐந்து கறை,
நான்கு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம்.
மீனெண்ணெய்.
அதன்மேல் மெருகு ஒட்டாது, தண்ணீர் மாதிரி விலகி ஓடும்.

எப்படியும் ஒன்றரை மில்லிமீட்டர் எடுக்க வேண்டும்.
கறை அதோடு போய்விடும்.
மேற்பரப்புக் கறைதான், ஆழம் போயிருக்காது.
அரத்தைத் தட்டித் தூளை உதிர்த்தேன்.

வாசலில் தையல் மெஷினின் மிதிப்பான் கிடந்தது, வயரோடு.
சாரல் படாத பக்கமாக
அதை நகர்த்தி வைத்தேன்.