முப்பத்தொரு பங்காளிகள்

கானாடுகாத்தானில் கடல் கிடையாது.
அதனால் ஒரு வீட்டைக் கப்பலாக்கினோம்.

முப்பத்தொரு பங்காளி, ஒரு வழக்கு,
முன்கதவில் கோர்ட் அரக்கு.
உள்ளே நுழைந்தால் தாசில்தாருக்கே கேஸ்.
பின்கட்டு ஜன்னலில்
பிடி தளர்ந்த கம்பி ஒன்று மட்டும்
எங்கள் கட்சி.

வயர்மேன் ஆரோக்கியம் டிரான்ஸ்மிட்டர் கட்டினான்,
இரண்டு வால்வு ரேடியோக்களைக் கொன்று.
தெருவிளக்கிலிருந்து கரண்ட்.
மொட்டைமாடிக் கொடிக்கம்பி ஏரியல்.
உமையாள் மைக்கைப் பிடித்தாள்:
"வணக்கம். இது எங்கேயும் இல்லாத வானொலி.
அடுத்து ஆறு நிமிஷம் கிட்டார்.
தாங்கமுடியாதவர்கள் சத்தத்தைக் கூட்டவும்."

பள்ளத்தூர் டீக்கடையில்
வேளாண் செய்திக்குக் காத்திருந்த ஒருவர்
உரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல்
தலையாட்டிக்கொண்டே எழுந்துபோனாராம்.

இன்ஸ்பெக்டர் வந்தார்.
அரக்கைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.
திறக்க முப்பத்தொரு கையெழுத்து வேண்டும்.
பதினோரு மாதத்தில் முப்பது கிடைத்தது.
மிச்சம் ஒன்று பினாங்கில்,
யாருக்கும் பதில் போடாத சாத்தப்பன்.

கடைசியில் ஏர்மெயில் வந்தது.
போலீசுக்கு இல்லை.
'ரேடியோக்காரர்கள், பூட்டிய வீடு' என்று முகவரி.
தபால்காரர் ஜன்னலில் நீட்டிவிட்டு
அடுத்த பாட்டு என்ன என்றார்.

"என் பங்கு முப்பத்தொன்றில் ஒன்று.
நீங்கள் இருக்கும் அறை அதுதான் என்று வையுங்கள்.
வாடகை:
தினமும் ராத்திரி பதினொன்றுக்கு
வெறும் டிரம்ஸ்.
வழக்குப் போட்ட என் தம்பி சோலையப்பன்
எதிர்வீட்டில்தான் இருக்கிறான்.
தூங்கக்கூடாது."

அன்றைக்கென்று பார்த்து
ஆரோக்கியம் ஏரியலில்
ஈரவேட்டியைக் காயப்போட்டிருந்தான்.
பாதி ஊருக்குத்தான் கேட்டது.

சோலையப்பன் வீடு
அந்தப் பாதியில்.