நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

கப்பலில் வேலை கிடைத்துப் போன கிளாட்சன்
கண்ணாடிப் பெட்டியையும் வெப்பப் பாயையும்
வனத்துறையில் பதிந்த காகிதத்தையும்
என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.
பெட்டிக்குள் இருந்ததைக் கடைசியில்தான் சொன்னான்.
"கடிக்காதுக்கா. பயந்தா பந்து மாறி சுருண்டுக்கும்."

படையே நடுங்கும் என்று படித்திருக்கிறேன்.
கொருக்குப்பேட்டை மாடி அறையில்
முதல் ராத்திரி நடுங்கியது ரெண்டே பேர்.
அது தலையைத் தன் உடம்புக்குள் ஒளித்தது.
நான் போர்வைக்குள்.

பகலெல்லாம் மணலி எடைமேடையில்
லாரிகளின் எடை எழுதுகிறவள் நான்.
இருபது கிலோவுக்குக் கீழே எண்ணிப் பழகாத கை.
ஞாயிறு காலை, மாவு நிறுக்கும் தராசில்
காலி டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி
மெல்ல அதை இறக்கி, அது நெளிந்து அடங்கும் வரை
மூச்சுப் பிடித்திருந்து
நோட்டில் எழுதினேன்: 412.

கொளத்தூர் மீன்தொட்டிக் கடைச் சந்தில்
உறைந்த எலி கிடைக்கிறது.
ஐஸ் போட்ட டிபன் டப்பாவில் பஸ் ஏறி வந்தன ஆறு.
ஃப்ரீசரில், 'இஞ்சிப் பூண்டு விழுது' என்று எழுதிய டப்பாவில்
வால் மடித்துத் தூங்கின.

ஐஸ் கேட்டு வந்த ரமணம்மா
நான் குளித்துக்கொண்டிருந்தபோது
இஞ்சிப் பூண்டையும் கொஞ்சம் எடுக்கப் பார்த்தாள்.
அந்தக் கத்தலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது.
வேறு வழியில்லாமல் பெட்டியைக் காட்டினேன்.
வீட்டைக் காலி செய்யச் சொல்வாள் என்று நின்றேன்.
வெகுநேரம் குனிந்து பார்த்தவள் சொன்னாள்:
"ராத்திரில அது பேர சொல்லாத. பூச்சின்னு சொல்லு."
பெயர் வைக்கும் வேலை அதோடு முடிந்தது.

பூச்சி தின்னவில்லை.
வெந்நீரில் எலியைச் சூடாக்கி
இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினால்
நாக்கை ரெண்டு தரம் நீட்டிவிட்டு
விருந்துக்கு வந்த மாமியார் போல முகம் திருப்பியது.
409. 405. 401.
எனக்கும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய்.
பிரியாணி இறங்கியது.
இறங்கும்போதெல்லாம் பெட்டியைப் பார்க்காமல் தின்றேன்.

துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி
இங்கே பிறந்த என் காதில் எப்போதோ நின்றுவிட்டது.
வெளியே காதில்லாத பூச்சி
ரெண்டரை மணி வண்டிக்கு
தரை அதிரும் முன்பே தலை தூக்குகிறது.
அதைப் பார்த்துத்தான் இப்போது நான் கேட்கிறேன்.

கார்த்திகை மழையில் கரண்ட் போன இரவு
வெப்பப் பாய் சில்லிட்டது.
வெந்நீர் ஊற்றிய சோடா பாட்டில்
ஒரு மணி நேரம்தான் தாங்கியது.
அடுப்பு மூட்டலாம் என்றால் சிலிண்டரும் தீர்ந்திருந்தது.
நைட்டிக்கு மேல் துண்டைச் சுற்றி
வயிற்றின் மேல் எடுத்து வைத்துக்கொண்டேன்.
பிடி தளர்ந்து, மறுபடி இறுகி, மறுபடி தளர்ந்து
தொப்புள் பக்கமாக ஒரு இடம் கண்டுபிடித்தது.
விடியும் வரை நான் புரளவில்லை.
இடுப்பு வலி மூன்று நாள் இருந்தது.

அப்புறம் ஒரு காலை அதன் கண்ணில் பால் படர்ந்தது.
குருடாகிவிட்டதென்று எடைமேடையிலிருந்தே
கிளாட்சனுக்கு அழுது போன் போட்டேன்.
எந்தக் கடலிலோ சிரித்தான்:
"சட்டை மாத்தப் போவுதுக்கா. அதான் துன்னல."

ரமணம்மாவுக்குச் செய்தி எட்டியது.
"உரிச்சிச்சா?" என்று தினம் கேட்டாள்.
பீரோவில் வைத்தால் காசு நிற்குமாம்.

உரித்தது.
வால் நுனியில் மட்டும் கொஞ்சம் ஒட்டி நின்றது.
ஈரத் துண்டுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன்,
தானே நெளிந்து கழற்றிக்கொண்டு வந்தது.
அந்த நீளச் சட்டையைத் தராசில் வைத்தேன்.
தராசு அசையவில்லை.

சனி இரவு பத்தரைக்கு
இடுக்கி என் கையிலிருந்து தெறித்தது.
எலி எங்கே என்று தேடும் முன்
பாதி உள்ளே போயிருந்தது.
தின்றபின் ரெண்டு நாள் தொடக்கூடாது.
நோட்டில் அந்த ஞாயிறுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

ரமணம்மா பீரோவில் சட்டை இருக்கிறது.
வாடகையை ஐந்நூறு ஏற்றிவிட்டாள்,
பூச்சிக்கும் சேர்த்து.