நாற்பத்தெட்டுக்குப் பிறகு அறுபத்தைந்து

புத்தகம் ஆகஸ்டில்தான் வந்தது.
விஜயவாடாவில் அச்சாகி, சித்தூரில் ஒரு மாதம் கிடந்து,
நகரிக்கு லக்கேஜ் ஆட்டோவில்.
ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், பதினொரு பிரதி.
பதினொன்றிலும்
நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு அறுபத்தைந்து.

நாற்பத்தெட்டின் கடைசி வரி:
பாறைகள் மூன்று வகைப்படும். அவை
அறுபத்தைந்தின் முதல் வரி:
ஆகவே நாம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும்.

லோகேஸ்வரி இரண்டையும் சேர்த்தே வாசித்தாள்,
நடுவில் மூச்சுகூட விடாமல்.
யாரும் சிரிக்கவில்லை.
அர்த்தம் சரியாகத்தான் இருந்தது.

மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன்.
தெலுங்கில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்.
தெலுங்குப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் இருக்கிறதே அம்மா,
என்றது பதில்.

ஆகவே ஒரு சனிக்கிழமை,
கரண்ட் இல்லாமல் விசைத்தறிகள் நின்று
பிள்ளைகளை வீட்டில் யாரும் தேடாத நாளில்,
நகரி மூக்குக்குப் பின்பக்கம் போனோம்.
திருத்தணி பஸ்ஸிலிருந்து பார்த்தால்
மல்லாந்து படுத்த ஒருவரின் முகம் தெரியும்.
பின்னாலிருந்து பார்த்தால் மூக்குமில்லை, முகமுமில்லை.
வெட்டிய சுவர். தணிகைவேலின் அப்பா
வேலை செய்யும் குவாரி.

சுவரின் கீழ்ப்பாதி சாம்பல்; வெயிலில் மின்னும் பொடி.
மேல்பாதி சிவப்பு, மடித்து அடுக்கிய
கைலிகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாய்.
விழுந்து கிடந்த ஒரு பலகைக்கல்லில்
வரி வரியாய்க் கடற்கரை.
அலை கல்லாயிடுச்சா டீச்சர், என்றான் யுகந்தர்.
மணல்தான் கல்லானது.
அலை போய்விட்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு,
ஸ்கேல் வைக்காமல் போட்டது போலப் பிசிறாக.
கீழ்ப்பாறை ஆறி, மலையாகி, தேய்ந்து, மொட்டையாகி
அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான்
இங்கே கடல் ஏறியது என்றேன்.
நடுவில் பல கோடி வருஷம்.

அது எங்கே?

எழுதி அழிந்தது கொஞ்சம். எழுதப்படாமலே
போனது கொஞ்சம்.

லோகேஸ்வரி சாம்பல் பாறையில் உள்ளங்கையை வைத்தாள்:
நாற்பத்தெட்டு.
எக்கி, சிவப்பைத் தொட்டாள்:
அறுபத்தைந்து.

நான் சொல்ல வைத்திருந்தது அது.
ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது.
சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு
தணிகைவேலின் அப்பா ஓடி வந்து
எங்களை டிப்பருக்குப் பின்னால் உட்காரவைத்தார்.
அவருக்கு மேல்பாறையும் கங்கர, கீழ்ப்பாறையும் கங்கர.
இருபது எம்எம்மா, நாற்பதா என்பது மட்டும்தான் கேள்வி.
வெடித்தது. காது அடைத்தது.
வாயில் மண் ருசியோடு திரும்பி நடந்தோம்.

ஜனவரியில் போய்ப் பார்த்தேன், தனியாக.
கோடு இருந்த உயரத்தில் வானம் இருந்தது.

பிப்ரவரியில் அந்தப் பதினாறு பக்கங்கள்
ஜெராக்ஸாக வந்து சேர்ந்தன.
அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கு,
மை அப்பி, இருட்டாய்.
அதன் கீழே, கட்டம் கட்டி:
கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது.
இரண்டு மதிப்பெண்.
பத்து முறை எழுதச் சொன்னேன்.

அன்று மதியம் ரோடு போடுவதற்காக
பள்ளி வாசலில் ஒரு லோடு ஜல்லி கொட்டிவிட்டுப் போனார்கள்.
மணி அடித்தும் வகுப்புக்கு யாரையும் காணோம்.
எட்டிப் பார்த்தால் பதினொரு பேரும் குவியலின்மேல்,
முழங்கால் சிராய்க்க,
சிவப்பு ஒரு பக்கம் சாம்பல் ஒரு பக்கம் என்று
பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லோகேஸ்வரி உச்சியிலிருந்து ஒரு கல்லோடு வந்தாள்.
சாம்பல் கல்.
டீச்சர், இங்க மூத்ததுதான் மேல இருக்கு.
பரீட்சையில என்ன எழுதுறது?

டிப்பர் லாரி சிலபஸில் இல்லை.
புத்தகத்தில் இருப்பதை எழுது என்றேன்.
சரி என்றாள்.
கல்லை வருகைப் பதிவேட்டின்மேல் வைத்துவிட்டு
இடத்துக்குப் போனாள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு தாளும் புரளவில்லை.